புதுக் கம்ப்யூட்டருக்கு எந்த பிராசஸர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று யார் கிளம்பினாலும் முதல் கேள்வி பிராசஸரைப் பற்றித்தான் இருக்கும். சித்தப்பா பையன், பழைய நண்பர்கள், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் என்று ஆள் மாறுகிறதே தவிர கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போய்ப் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். 'செயலி' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் இப்போது அதைப் படித்தால் போனில் இருக்கும் ஆப்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதனால் பிராசஸர் என்றே எழுதுகிறேன்.

நல்ல பிராசஸரா போட்டா கம்ப்யூட்டர் மொத்தமும் வேகமாயிடும்ல?

ஆகாது. இப்போது இருக்கும் கம்ப்யூட்டரில் எந்த இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஆன் செய்து திரை வருவதற்கே இரண்டு நிமிடம் ஆகிறதா? அது பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேலை, எஸ்எஸ்டி போட்டாலே தீரும். பிரவுசரில் முப்பது டேப் திறந்ததும் திணறுகிறதா? ரேம் போதவில்லை. கேமில் காட்சி தத்தித் தத்தி நகர்கிறதா? அநேகமாக கிராபிக்ஸ் கார்டு. வீடியோவை எடிட் செய்து முடித்துக் கோப்பாக்கும்போது, பெரிய புரோகிராமை கம்பைல் செய்யும்போது, லட்சம் வரிசை உள்ள எக்செல் கோப்பு கணக்குப் போடும்போது காத்திருக்கிறீர்கள் என்றால்தான் அது பிராசஸர் விவகாரம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பட்ஜெட்டில் பாதியைப் பிராசஸரில் போட்டுவிட்டு, மதர்போர்டிலும் ரேமிலும் பவர் சப்ளையிலும் கையைச் சுருக்கும் பட்டியல்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான். பிராசஸர் தனியாக வருவதில்லை. போர்டு, ரேம், கூலர் என்று குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வரும். கீழே வரும் பதில்களில் பாதி அந்தக் குடும்பத்தைப் பற்றியது.

இன்டெலா, ஏஎம்டியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது. 2017இல் ஏஎம்டி ரைசன் வரிசையைக் கொண்டுவந்ததிலிருந்து பிராசஸர் செய்யும் இந்த இரண்டு கம்பெனிகளும் மாறி மாறி முந்துகின்றன. விண்டோஸ், லினக்ஸ், சாஃப்ட்வேர், கேம் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி ஓடும். "ஏஎம்டியில் சில சாஃப்ட்வேர் ஓடாது" என்று இன்னும் சொல்பவர்கள் எந்தக் காலத்தில் கேட்டதைச் சொல்கிறார்களோ.

வீட்டு உபயோகத்துக்கு என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். முக்கியமாக கேம் விளையாடத்தான், அல்லது நாலைந்து வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருக்கிறது என்றால் ஏஎம்டி. வீடியோ எடிட்டிங், அதோடு தனி கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்றால் இன்டெல். அதன் உள் கிராபிக்ஸில், அதாவது திரையைக் காட்ட பிராசஸருக்குள்ளேயே வைத்த பகுதியில், இருக்கும் குவிக் சிங்க் என்ற வசதி வீடியோ வேலையை நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். இரண்டும் இல்லாத சாதாரண வீட்டு வேலைக்கு, அன்றைக்குப் போர்டும் ரேமும் சேர்த்து எது மலிவாகக் கிடைக்கிறதோ அது.

ஐ7ன்னா ஐ5ஐ விட எப்பவுமே வேகம்தானே?

ஒரே தலைமுறைக்குள் மட்டும். ஐ3, ஐ5, ஐ7, ஐ9 என்பதும் ரைசன் 3, 5, 7, 9 என்பதும் ஒரு வகுப்பில் இருக்கும் வரிசை மாதிரி. வேறு வேறு வருடத்து வகுப்புகளை இதை வைத்து ஒப்பிட முடியாது. 2017இல் வந்த ஐ7-7700கே, 2022இல் வந்த ஐ3-12100 இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலை வரிசை. அன்றைய உச்ச மாடலை இந்தச் சின்ன ஐ3 தாராளமாக முந்தும். அந்த ஐ7 விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலிலும் இல்லை.

எண்ணைப் படிப்பது எளிது. ஐ5-13400 என்றால் முதல் இரண்டு இலக்கமான 13 தலைமுறையைக் குறிக்கும், மீதி 400 அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். 2024 அக்டோபரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு இன்டெல் 'கோர் அல்ட்ரா 5, 7, 9' என்று பெயரை மாற்றிக்கொண்டு 200இல் எண்ணத் தொடங்கியது. ஏஎம்டியில் ரைசன் 5 7600 என்றால் 7000 வரிசை, அதில் 600. ஆனால் ஏஎம்டியின் எண்களில் சில கண்ணிகள் உண்டு. ரைசன் 5 5500ஐயும் 5600ஐயும் பார்த்தால் நூறுதான் வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே 5500 வேறு சில்லு. பிராசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பிதான், 5600இல் 32 எம்பி. கிராபிக்ஸ் கார்டோடு தகவல் போய்வரும் பிசிஐஇ வழியும் 5500இல் ஒரு தலைமுறை பழையது. இரண்டுக்கும் விலை கொஞ்சம்தான் வேறுபட்டால் 5500 பக்கம் போகவே வேண்டாம்.

எண்ணுக்குக் கடைசியில வர்ற எழுத்தெல்லாம் என்ன?

இன்டெலில் கே என்றால் ஓவர்க்ளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் நாமே ஏற்றி ஓட்டலாம். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கேஎஃப் இரண்டும். டி என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் குறைவு. எழுத்தே இல்லாவிட்டால் சாதாரண மாடல். வீட்டுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

ஏஎம்டியில் எக்ஸ் என்றால் சற்றுக் கூடுதல் வேகம். ஜி என்றால் கேம் விளையாடும் அளவுக்கு உள் கிராபிக்ஸ். எஃப் இன்டெலைப் போலவே, கிராபிக்ஸ் இல்லை. எக்ஸ்3டி தனிக் கதை, கேம் பற்றிய கேள்வியில் வருகிறது. ஒரு குழப்பம் மட்டும் கவனிக்க வேண்டும்: 5000 வரிசையில் ஜி இல்லாத மாடல்களில் உள் கிராபிக்ஸே கிடையாது. 7000 வரிசையிலிருந்து, எஃப் தவிர மற்றதில் சின்னதாக ஒன்று வைத்துவிட்டார்கள்.

எஃப் எழுத்தை நான் மறக்க மாட்டேன். நான் முதலில் சொந்தமாக அசெம்பிள் செய்தபோது கொஞ்சம் மலிவாக இருந்ததே என்று எஃப் மாடலை வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கேபிளையும் ரேமையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டியதில் ஒரு மாலை முழுக்கப் போனது. பொருளில் ஒரு குறையும் இல்லை. குறை வாங்கியவனிடம்.

கிகாஹெர்ட்ஸ் எதுல அதிகமோ அதை வாங்கிடலாமா?

2004இல் வந்த பென்டியம் 4இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் மாடல் ஒன்று இருந்தது. ரைசன் 5 7600இன் அடிப்படை வேகமும் அதே 3.8தான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. புதியதன் ஒரே ஒரு கோரை மட்டும் ஓட்டினாலும் பழையது பக்கத்தில் வர முடியாது.

கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு. ஒரு துடிப்புக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பது அதில் தெரியாது. ஒருவர் வேகமாகக் காலடி வைக்கலாம், இன்னொருவர் நீளமாக எட்டி வைக்கலாம். ஒரே வரிசையில் இருக்கும் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது உச்ச வேகம், ஓரிரு கோர்கள் சிறிது நேரம் தொடும் அளவு. எல்லாக் கோரும் மணிக்கணக்கில் அந்த வேகத்தில் ஓடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எத்தனை கோர் இருந்தா போதும்? 6 பத்துமா?

பெரும்பாலான வீடுகளுக்கு 6 கோர், 12 த்ரெட் போதும். தாராளமாகவே போதும்.

கிணறு வெட்ட பத்துப் பேர் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஊசியில் நூல் கோக்க பத்துப் பேர் சேர்ந்தால் இடிதான் மிச்சம். கம்ப்யூட்டர் வேலைகளும் இப்படி இரண்டு வகை. முப்பரிமாணக் காட்சி ரெண்டர் செய்வது, வீடியோவைக் கோப்பாக்குவது, நூற்றுக்கணக்கான புரோகிராம் கோப்புகளை கம்பைல் செய்வதெல்லாம் கிணறு வெட்டும் வேலை. கோர் கூடக் கூட நேரம் குறையும். வலைப்பக்கம் திறப்பது, வேர்டில் எழுதுவது, போட்டோவில் பல திருத்தங்கள் எல்லாம் ஊசி வேலை. அங்கே ஒரு கோரின் தனி வேகம்தான் பேசும். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே இதன் எல்லையைக் காட்டிவிட்டார். ஒரு வேலையில் கால் பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்றால், நூறு கோர் போட்டாலும் மொத்த வேகம் நான்கு மடங்கைத் தாண்டாது.

என் கணக்கு இதுதான். படிப்பு, பிரவுசர், படம் பார்ப்பது, வீட்டுக் கணக்கு என்றால் 4 கோரே போதும். கேமும் சேர்ந்தால் 6. விளையாடிக்கொண்டே அதை நேரலையில் ஒளிபரப்புவது, வாரம் ஒரு வீடியோ எடிட் செய்வது என்றால் 8. அதுவே பிழைப்பு என்றால் 12, 16 என்று போகலாம். பிழைப்பாக இல்லாதவர்கள் "ஒருநாள் வீடியோ எடிட்டிங் கத்துக்கலாம்னு இருக்கேன்" என்று 16 கோர் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒருநாள் பெரும்பாலும் வருவதில்லை.

10 கோர், 16 த்ரெட்னு போட்டிருக்கு. கணக்கு இடிக்குதே?

இடிக்கவில்லை. 2021இல் வந்த 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகையைக் கலந்து வைக்கிறது. பி கோர் வேகத்துக்கு, இ கோர் மின்சாரச் சிக்கனத்துக்கும் பின்னணி வேலைகளுக்கும். ஐ5-13400இல் 6 பி கோர், 4 இ கோர். ஒவ்வொரு பி கோரும் இரண்டு த்ரெட் தரும், இ கோர் ஒன்றுதான். 12ம் 4ம் சேர்ந்து 16. கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் வரிசையில் பி கோரின் இரட்டை த்ரெட்டையே எடுத்துவிட்டார்கள். அதனால் உச்ச மாடலான 285கேயில் 24 கோர், 24 த்ரெட்.

இதனால் இன்டெலின் 10 கோரையும் ஏஎம்டியின் 8 கோரையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. இன்னொன்று, எந்த வேலையை எந்தக் கோருக்குத் தள்ளுவது என்று தெரிய விண்டோஸ் 11 வேண்டும். விண்டோஸ் 10க்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

கிராபிக்ஸ் கார்டு தனியா வாங்கியே ஆகணுமா?

கேம், முப்பரிமாண வேலை, கனமான வீடியோ எடிட்டிங் இல்லையென்றால் வேண்டாம். உள் கிராபிக்ஸ் உள்ள பிராசஸரே திரையைக் காட்டும், 4கே படமும் ஓட்டும். ஆனால் உள் கிராபிக்ஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ரைசன் 7600இல் இருப்பது 2 கணக்கீட்டு அலகு. திரையைக் காட்டத்தான் அது. 8600ஜியில் 8, 8700ஜியில் 12. இவற்றில் அமைப்புகளைக் குறைத்து வைத்துக்கொண்டு பல கேம்களை விளையாட முடியும்.

பின்னால் கார்டு வாங்கினாலும் உள் கிராபிக்ஸ் வீண் இல்லை. கார்டு என்றைக்காவது படுத்துவிட்டால், பழுது எதில் என்று பார்க்க அதுதான் கைகொடுக்கும். எஃப் மாடலில் மிச்சமாகும் தொகை சின்னதாக இருந்தால் நான் எஃப் இல்லாததையே எடுப்பேன். என் கறுப்புத் திரை மாலையை மேலே சொல்லிவிட்டேன். அப்புறம், கார்டு போட்டவர்கள் மானிட்டர் கேபிளை கார்டில் செருக வேண்டும், போர்டில் அல்ல. "கார்டு போட்டும் கேம் அப்படியே இருக்கு" என்று வந்த புகார்களில் சில இப்படித்தான் தீர்ந்தன.

கேமுக்கு எக்ஸ்3டிதான் பெஸ்ட்ங்கிறாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?

கேஷ். பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம் அது. தேவையான தகவல் அங்கே இல்லையென்றால் வெளியே ரேமுக்குப் போய் எடுத்துவர வேண்டும். போய்வரும் நேரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் கோர் சில நூறு துடிப்புகளைச் சும்மா கழித்துவிடும். கேமில் நூற்றுக்கணக்கான பொருள்களின் இருப்பிடமும் நிலையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேண்டும், எதை எப்போது கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் கேமுக்குக் கேஷ் பசி அதிகம்.

எக்ஸ்3டியில் சில்லோடு இன்னொரு கேஷ் சில்லை ஒட்டவைத்து அடுக்குகிறார்கள். 2022இல் வந்த 5800எக்ஸ்3டிதான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இப்படி வந்த முதல் மாடல். ரைசன் 7 7700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி, உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ். 7800எக்ஸ்3டியில் கேஷ் 96 எம்பி, உச்சம் 5.0தான். கேமில் முந்துவது இரண்டாவது. கிகாஹெர்ட்ஸ் பற்றிச் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் எல்லா விளையாட்டுக்காரருக்கும் இது தேவையில்லை. வினாடிக்கு 60 ஃபிரேம் காட்டும் மானிட்டரோ நடுத்தர கிராபிக்ஸ் கார்டோ வைத்திருப்பவருக்கு இந்தப் பணத்தில் வித்தியாசமே தெரியாது. அந்தத் தொகையைக் கார்டில் சேர்த்துப் போடுவதுதான் புத்தி.

இந்த பிராசஸருக்கு இந்த கார்டு போட்டா பாட்டில்நெக் ஆகுமா?

எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏதாவது ஒன்று மற்றதற்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். 'பாட்டில்நெக் 14 சதவீதம்' என்று சொல்லும் கணக்கீட்டுப் பக்கங்களை நம்பாதீர்கள். அதே ஜோடி ஒரு கேமில் பிராசஸரால் தடைபடும், இன்னொன்றில் கார்டால்.

திரையின் அளவும் இதை மாற்றும். 1920×1080இல் கார்டுக்கு வேலை குறைவு. அது சட்டென்று முடித்துவிட்டு பிராசஸரைப் பார்த்து நிற்கும். 4கேயில் புள்ளிகள் நான்கு மடங்கு, எல்லாச் சுமையும் கார்டின் மேல். பிராசஸர்களை ஒப்பிடும் சோதனைகளில் வேண்டுமென்றே மிக விலையுயர்ந்த கார்டையும் 1080 திரையையும் வைப்பது இதனால்தான். அங்கே தெரியும் 30 சதவீத வித்தியாசம் உங்கள் வீட்டுத் திரையில் இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடலாம். உங்கள் கம்ப்யூட்டரில் சோதிக்க, கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் பிராசஸர்தான் தடை.

எந்த மதர்போர்டு பொருந்தும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டின் பெயரைப் பாருங்கள். ரைசன் 5000 வரைக்கும் ஏஎம்4. 7000, 8000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5. இன்டெலில் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. கோர் அல்ட்ரா 200க்கு எல்ஜிஏ1851. பெயர் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே உட்காரவே உட்காராது.

அடுத்து சிப்செட், போர்டில் என்னென்ன வசதி கிடைக்கும் என்று தீர்மானிக்கும் சில்லு. இன்டெலில் எச், பி, இசட் என்று ஏறும். பிராசஸரை ஓவர்க்ளாக் செய்ய இசட் வேண்டும். கே மாடலை எச் போர்டில் போட்டால் ஓடும், ஆனால் கே எழுத்துக்குக் கொடுத்த காசு போச்சு. ஏஎம்டியில் ஏ, பி, எக்ஸ். இரண்டு பக்கமும் நடுவில் இருக்கும் பி போர்டே வீட்டுக்குச் சரி.

பழைய கம்ப்யூட்டர்ல டிடிஆர்4 ரேம் இருக்கு. அதையே போட்டுக்கலாமா?

டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள். ஏஎம்4இல் போடலாம். எல்ஜிஏ1700இல் போர்டைப் பொறுத்தது, டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஏஎம்5, எல்ஜிஏ1851 இரண்டிலும் டிடிஆர்5 மட்டும்தான்.

புதிதாக வாங்கினால் ஒன்றாக வாங்காமல் இரண்டு குச்சியாக வாங்குங்கள். 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு வேகமானது, ஏனென்றால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் எடுக்கும். உள் கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இது கட்டாயம். அதற்குத் தனி நினைவகம் இல்லை, ரேமில்தான் பங்கு கேட்கும். மாட்டிய பிறகு பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சாக்கெட் சரியாத்தான் இருக்கு, ஆனா ஆன் பண்ணா ஒண்ணும் வரலை. பிராசஸர் போச்சா?

பயப்படாதீர்கள், பிராசஸர் அவ்வளவு எளிதில் போகாது. மூன்று விஷயங்களை வரிசையாகப் பாருங்கள். எஃப் மாடலா? பிராசஸருக்கான தனி மின் கேபிள், போர்டின் மேல் ஓரத்தில் வரும் 8 பின், செருகியிருக்கிறதா? இதை மறப்பவர்கள் ஏராளம். இரண்டும் சரியென்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம். போர்டு தயாரான பிறகு வந்த பிராசஸரை அந்தப் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. 2022இல் பெட்டியில் அடைத்த பி650 போர்டு, 2024இல் வந்த ரைசன் 9000ஐப் பார்த்து விழிக்கும்.

பல போர்டுகளில் பிராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்5 போர்டில் முதல்முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் ஆகலாம். அந்த நேரமும் திரை கறுப்புதான். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

65 வாட்னு போட்டிருக்கு. அப்போ 65 வாட்தானே எடுக்கும்?

இல்லை. ஏஎம்டியின் 65 வாட் மாடல் கனமான வேலையில் 88 வாட் வரை எடுக்கும். 105 என்றால் 142, 170 என்றால் 230. இன்டெல் இப்போது இரண்டு எண்ணையும் வெளிப்படையாகத் தருகிறது. ஐ9-14900கேயின் அடிப்படை 125 வாட், உச்சம் 253. கூலரும் பவர் சப்ளையும் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இன்டெலின் கே மாடல்களோடும் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்களோடும் பெட்டியில் கூலர் வராது. ரைசன் 7600, ஐ5-13400 போன்றவற்றில் வரும், சாதாரண வேலைக்கு அதுவே தாங்கும். விலையை ஒப்பிடும்போது கூலரையும் சேர்த்துக் கூட்டுங்கள். மலிவு என்று நினைத்தது சில சமயம் அங்கே கவிழும்.

95 டிகிரி காட்டுதே, எரிஞ்சு போயிடாதா?

ரைசன் 7000இன் பெரிய மாடல்கள் கனமான வேலையில் 95ஐத் தொடும் வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. எல்லையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போதே 90 காட்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை யாரோ உரிக்க மறந்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை கெட்டுப்போகுதாமே, உண்மையா?

பிரச்சினை உண்மைதான். அந்த இரண்டு தலைமுறைகளிலும் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் மாடல்கள் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கின. நாள்படப் பாதிப்பு ஏறி, கேமும் புரோகிராமும் காரணமில்லாமல் நின்றன. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) திருத்தத்தை இன்டெல் வெளியிட்டது, அடுத்த மாதம் 0எக்ஸ்12பி வந்தது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. 12ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

புதிதாக வாங்கினால் கம்ப்யூட்டரை முதல் நாள் ஆன் செய்ததும், விண்டோஸ் போடுவதற்கு முன்பே, பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள், திருத்தம் அதோடுதான் வரும். திருத்தம் பாதிப்பைத் தடுக்கும், ஏற்கெனவே ஏற்பட்டதைச் சரிசெய்யாது. அதனால் ஒருவர் பயன்படுத்திய ஐ7, ஐ9 கே மாடலை இந்த இரண்டு தலைமுறைகளில் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

மத்தபடி பழைய பிராசஸர் வாங்கலாமா?

வாங்கலாம். கம்ப்யூட்டரில் சீக்கிரம் தேயாத பாகம் அதுதான். ஏஎம்4 மாடல்களில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும், வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மற்ற மூன்று சாக்கெட்டிலும் பின்கள் போர்டில் இருக்கின்றன, அங்கே சோதிக்க வேண்டியது போர்டை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் மாடலாகப் பாருங்கள். மேலோட்டமாகச் சொன்னால் இன்டெல் 8ஆம் தலைமுறை, ரைசன் 2000 வரிசையிலிருந்து.

ஏஐ பிராசஸர்னு வருதே, அதுக்காகக் காத்திருக்கணுமா?

ஏஐ கணக்குகளுக்கான என்பியு என்ற தனிப் பகுதியைத்தான் அப்படி விளம்பரம் செய்கிறார்கள். விண்டோஸின் கோபைலட் பிளஸ் வசதிகளுக்கு 40 டாப்ஸ் (வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் 2024இல் சொன்னது. கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் மாடல்களின் என்பியு 13 டாப்ஸ், ரைசன் 8700ஜியில் 16. எட்டவில்லை. வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் நினைவகம் அதிகமுள்ள கிராபிக்ஸ் கார்டில் பணத்தைப் போடுங்கள்.

ஓவர்க்ளாக் பண்ணலாமா?

பொழுதுபோக்குக்குச் செய்யலாம். இப்போதைய பிராசஸர்கள் தாமே எல்லை வரை ஏறிவிடுவதால் நமக்கு மிச்சம் வைப்பது கொஞ்சம்தான்.

பத்து வருஷம் ஓடணும். அதனால இருக்கறதுலயே பெரிசா எடுத்துடறேன், சரிதானே?

எனக்கு இதில் உடன்பாடில்லை. உச்ச மாடலுக்கும் நடு மாடலுக்கும் விலை வித்தியாசம் மூன்று மடங்கு இருக்கலாம், வேக வித்தியாசம் அன்றாட வேலையில் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பணத்தை வைத்திருந்து ஐந்து வருடம் கழித்து அன்றைய நடு மாடலை வாங்கினால், இன்றைய உச்சத்தைவிட அதுவே நன்றாக ஓட வாய்ப்பு அதிகம். ஐ7, ஐ3 கதையை மேலே பார்த்தோம்.

சாக்கெட் நீடித்தால் இது இன்னும் சுலபம். 2017இல் ஏஎம்4 போர்டில் 6 கோர் ரைசன் 5 1600 போட்டவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் 5800எக்ஸ்3டியை உட்காரவைத்தார்கள். இன்டெலில் ஒரு சாக்கெட் பொதுவாக இரண்டு தலைமுறைதான், எல்ஜிஏ1700க்கு மட்டும் மூன்று. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மாற்றுவேன் என்று சொல்லி வாங்கியவர்கள் நிறைய, நிஜமாகவே பிராசஸரை மட்டும் மாற்றியவர்கள் என் வட்டத்தில் இரண்டே பேர். நீங்கள் அந்த இரண்டு பேர் வகையா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சரிண்ணே, கடைசியா ஒண்ணு. 7600ஆ, 8600ஜியா? பெரிய நம்பர்தானே நல்லது?

சித்தப்பா பையனின் கேள்வி இது, இந்தப் பக்கத்தையே எழுதவைத்ததும் இதுதான். இரண்டும் 6 கோர், 12 த்ரெட், ஏஎம்5, 65 வாட். எண்ணைப் பார்த்தால் 8600ஜி ஒரு தலைமுறை புதியது மாதிரி தெரியும். கோரின் வடிவமைப்பு இரண்டிலும் ஒன்றுதான், ஜென் 4. பெரிய உள் கிராபிக்ஸுக்கு இடம் கொடுக்க 8600ஜியில் எல்3 கேஷை 16 எம்பி ஆக்கியிருக்கிறார்கள், 7600இல் 32. கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் பிசிஐஇ வழிகளும் 16க்குப் பதில் 8.

தனி கார்டு போட்டால் 8600ஜியின் கிராபிக்ஸ் சும்மா இருக்கும், குறைந்த கேஷ் மட்டும் நிற்கும். கார்டு போடப்போவதே இல்லை என்றால் 7600இல் கனமான கேம் ஓடாது. "கார்டு ஆறு மாசத்துல வாங்கிடுவேன்" என்றான். அப்படியென்றால் 7600 வாங்கு, ஆறு மாதம் பழைய கேம் ஏதாவது விளையாடு என்றேன். ஒரு வருடம் ஆகிறது, கார்டு இன்னும் வரவில்லை. 8600ஜியையே சொல்லியிருக்கலாம்.